பெட்டியில் ஐந்து என்று போட்டிருந்தது

என் கணினியின் புராசசர் வந்த அட்டைப்பெட்டியில் ஐந்து கிகாஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதன் ஓரமாக ஏதோ பொடி எழுத்திலும் இருந்தது. பொடி எழுத்தைப் படிக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. ஐந்து என்றால் ஐந்து என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். பாகூர் பக்கத்தில் வீடு. முன்னறையில் என் கணவரின் மோட்டார் வைண்டிங் பட்டறை, பின்னறையில் என் கணினி. சுற்றுவட்டாரத்தில் நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எது எரிந்தாலும் அவரிடம் வரும். யார் தாலி கட்டினாலும் என்னிடம் வரும். இரண்டையும் பிரித்துப் போட்டு, கெட்டுப்போன இடத்தை எடுத்துவிட்டு, பார்க்கிற மாதிரி செய்து அனுப்புவதுதான் எங்கள் இருவரின் பிழைப்பும்.

கணினியில் டாஸ்க் மேனேஜர் என்று ஒரு ஜன்னல் உண்டு. புராசசர் இந்த நொடியில் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அது காட்டும். நான் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாலு புள்ளி எட்டு, நாலு புள்ளி ஒன்பது என்று துள்ளும். ரெண்டர் போட்டால், அதாவது வெட்டி ஒட்டிய படத்தையெல்லாம் ஒரே கோப்பாகத் திரட்டி எடுக்கச் சொன்னால், ஒரு நிமிடம் போல நாலு புள்ளி ஏழில் ஓடும். அப்புறம் நாலு புள்ளி ஒன்றுக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வேலை இல்லாதபோது துள்ளுவது, வேலை கொடுத்தால் உட்காருவது. எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரிடமும் பார்த்த குணம்தான். ஆனால் அவர்களை யாரும் பெட்டியில் போட்டு எண் எழுதி விற்கவில்லை.

ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, பெட்டியையும் எடுத்துக்கொண்டு, வில்லியனூரில் கணினி வாங்கிய கடைக்கே சண்டைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். சண்டைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய முகம். பெட்டியை மேசைமேல் வைத்து, "மீதி புள்ளி ஒன்பது எங்க?" என்றேன். அவர் முதலில் டீ சொன்னார்.

"அக்கா, உங்க வூட்டாண்ட கரும்பு டிராக்டர் போவுதில்ல? வெறும் வண்டியா வரும்போது எப்படிப் பறக்குது? ரெண்டு டிரெய்லர் கரும்பு ஏத்திக்கினு மில்லுக்குப் போவும்போது அந்த வேகம் வருமா? அதே எஞ்சின்தானே."

"அப்ப பெட்டியில போட்டுருக்கறது வெறும் வண்டி வேகமா?"

"ஆமாங்க்கா. உள்ள கோருன்னு தனித்தனியா பல எஞ்சின் இருக்குது. அதுல ஒரே ஒரு கோர் மட்டும் வேலை செஞ்சு, சூடும் கம்மியா இருந்து, கரண்டும் அளவுக்குள்ள இருந்தா, கொஞ்ச நேரத்துக்கு அஞ்சத் தொடும். அதான் டர்போ. எல்லா கோரும் சேர்ந்து இழுத்தா நாலு ஒண்ணு. கம்பெனிக்காரன் உறுதியாச் சொல்றது மூணு புள்ளி ஏழுக்குத்தான். அதுக்கு மேல வர்றதெல்லாம் அதோட நல்ல மனசு."

எனக்கு விளங்கத்தான் செய்தது. ஆனால் கிளம்பும்போது அவர் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டார். "இது பூட்டு போடாத மாடல்க்கா. வேகத்த நாமளே கையால ஏத்தலாம். ஓவர்கிளாக் பண்றதுன்னு சொல்லுவாங்க. ஆனா ஏத்தாதீங்க, அத ஆத்தற கூலர் விசிறி உங்ககிட்ட சின்னது." அவர் சொன்னதில் 'ஏத்தலாம்' வரைக்கும்தான் என்னுடன் ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்கு வந்தது. மீதி வில்லியனூரிலேயே இறங்கிக்கொண்டது.

அதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு கல்யாணம் வந்தது. அபிஷேகப்பாக்கத்துக் குடும்பம். மணப்பெண் பிரான்ஸில் படித்து அங்கேயே வேலையில் இருப்பவள், மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. இரண்டு வார லீவில் வந்து, மாதா கோயிலில் மந்திரித்துக்கொண்டு, அதாவது சாமியார் முன்னால் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, திரும்பிப் போக வேண்டும். அடுத்த முறை வருவதற்கு இரண்டு வருடமாவது ஆகும் என்றார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு பெண்ணின் அப்பா கொல்லையில் விழுகிற வரைக்கும். பக்கவாதம். ஒரு கையும் ஒரு காலும் போய்விட்டது. புதன்கிழமை காலை மகள் கோயிலுக்குள் நடந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சையில் இருந்தார். அப்பா கையைப் பிடித்து நடக்க வேண்டிய பெண்ணைப் பெரியப்பா பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தப் பெரியப்பா படம் முழுக்க அழுகிறார், மூக்கு உட்பட.

மகள் கிளம்பும்வரை அவளோடு இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்க, வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டு அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரர்கள் போனில் எடுத்ததையெல்லாம் காட்டியிருக்கிறார்கள். "மண்டைங்கதான் தெரியுது. எம் பொண்ணு எங்க?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். மணப்பெண் எனக்கு போன் செய்தாள்.

"அக்கா, நான் கெளம்பறதுக்குள்ள வீடியோவ குடுத்துடுங்கக்கா. நானும் அப்பாவும் பக்கத்துல உக்காந்து ஒரு வாட்டி பாத்துடணும். அது போதும்."

கேமராக்காரர்கள் எடுத்ததை அப்படியே கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். மூன்று கேமரா, நூற்றுக்கணக்கான துண்டு, ஒன்றையும் அவர்கள் வீட்டு டிவி திறக்காது. திறந்தாலும் சாயம் போன வேட்டி மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு விமானம் என்றார்கள். ஞாயிறு மதியம் கார். எனக்கு நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே மூன்று மணி நேரப் படமாக எடிட்டிங்கை முடித்துவிட்டேன். சனிக்கிழமை நிதானமாக ரெண்டர் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு போன். மணப்பெண் அழுகிறாள். டிக்கெட்டில் ஞாயிறு, பூஜ்யம் பூஜ்யம் நாற்பது என்று இருந்ததை வீடே ஞாயிறு இரவு என்று படித்துக்கொண்டு ஊறுகாய் கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அது சனி இரவு பன்னிரண்டு நாற்பது. அன்றைக்கே சாயங்காலம் ஐந்து மணிக்குக் கார் கிளம்பினால்தான் சென்னை விமான நிலையத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியும். பொடி எழுத்து விஷயத்தில் அந்தக் குடும்பமும் நாங்களும் ஒன்று என்று அப்போது தெரிந்தது.

கணக்குப் போட்டேன். படம் மூன்று மணி நேரம். ஐந்துக்குள் பார்த்து முடிக்க வேண்டுமென்றால் இரண்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அப்படியென்றால் ஒன்றரைக்கு ரெண்டர் முடிய வேண்டும். கையில் ஐந்து மணி நேரம். ரெண்டர் போட்டுப் பார்த்தால் ஆறு மணி நேரம் காட்டியது. நாலு புள்ளி ஒன்று என்று கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது புராசசர்.

முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்த கணவர், "இன்னாடி, மூஞ்சி இப்படி இருக்குது?" என்றார். சொன்னேன். கடைக்காரர் சொன்ன முதல் பாதியையும் சேர்த்துச் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். கணினியை அணைத்துப் போட்டு, தொடங்கும்போதே ஒரு விசையை அழுத்தினால் பயாஸ் என்று ஓர் அமைப்புத் திரை வரும். போனில் ஒரு விளக்க வீடியோவை ஓடவிட்டு அதைப் பார்த்துப் பார்த்து உள்ளே போனோம். விஷயம் எளிமையாகத்தான் இருந்தது. நூறு மெகாஹெர்ட்ஸ், அதாவது புள்ளி ஒன்று கிகாஹெர்ட்ஸ், என்ற அடிப்படைத் துடிப்பை எத்தனையால் பெருக்குகிறோமோ அதுதான் வேகம். நாற்பத்தொன்றால் பெருக்கினால் நாலு புள்ளி ஒன்று, ஐம்பதால் பெருக்கினால் ஐந்து.

"தோ, மோட்டாருக்குப் பெரிய புல்லி மாட்டி வேகத்த ஏத்தற வேலைதானே! இதுக்கா அழுதுக்கினு இருந்த?" என்றார் கணவர்.

எல்லா கோருக்கும் ஐம்பது என்று போட்டோம். எவ்வளவு கரண்டு இழுக்கலாம் என்பதற்கு இருந்த வரம்பையும் எடுத்துவிட்டோம். ஒன்பது மணிக்கு ரெண்டர் ஓடியது. ஐந்து! டாஸ்க் மேனேஜரில் ஐந்து என்று முதல்முறையாகப் பார்த்தேன். பெட்டியையே சட்டம் போட்டு மாட்டலாம் போல் இருந்தது. பதினைந்து நிமிடத்தில் திரை நீலமாகி, ஒரு சோக முகம் வந்து, எல்லாம் நின்றது.

இங்கேதான் வைண்டிங் பட்டறை என் புராசசருக்குள் நுழைந்தது. எங்கள் பக்கத்து வயல் மோட்டார்கள் எரிவது பெரும்பாலும் வோல்டேஜ் குறைந்துதான். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் ஆம்பியரை அதிகமாக இழுக்கும், காயில் சூடேறிக் கருகும். இருபது வருடமாக அவர் இதைத்தான் பார்க்கிறார். எந்த விவசாயி வந்து நின்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, 'வோல்டேஜ் எவ்ளோ காட்டுச்சு?' என்பதுதான்.

"லோ வோல்டேஜ்டி! அதான் மூச்சு திணறி நின்னுட்டுது. ஏத்திக் குடு, ஜம்முனு ஓடும்."

பாதி உண்மை என்பதுதான் இதில் உள்ள கொடுமை. வேகத்தை ஏற்றினால் புராசசருக்கு வோல்டேஜ் கொஞ்சம் கூடுதலாகத் தேவைதான். ஆனால் மோட்டார் மாதிரி வோல்டேஜைக் கொடுத்தால் அது குளிர்ந்துவிடாது. இன்னும் கொதிக்கும். கொஞ்சம் ஏற்றினாலே சூடு அதைவிட வேகமாக ஏறும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு அவர் குரலில் இருந்த உறுதியைக் கேட்டு, அவர் சொன்ன எண்ணை நானே தட்டினேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை. சொல்வேன், ஆனால் சொல்வதற்கில்லை.

வோல்டேஜை எங்கே மாற்றுவது என்று தேடிப் பிடித்து மறுபடியும் ஓடவிடுவதற்குள் பத்தரை ஆகிவிட்டது. இந்த முறை நிற்கவில்லை. ஓடியது. கணவர் தன் தொழில் வழக்கப்படி கணினிப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். ஓடுகிற மோட்டாரின் உடம்பில் கையை வைத்து, சுடாமல் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்ப்பார்கள். ஐந்து எண்ணுவதற்குள் கையை எடுத்தால் மோட்டார் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பத்து எண்ணினார், இருபது எண்ணினார்.

"சில்லுனு இருக்குது. இன்னும் கூடத் தாங்கும்," என்றார்.

நகம் அளவு சில்லுக்குள் இருக்கிற சூட்டை வெளியே இருக்கிற தகரம் எப்படிச் சொல்லும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. நான் நம்பி சமையலறைக்குப் போய் உலை வைத்தேன்.

சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கணவரின் குரல் கேட்டது. "ஏய், இன்னா ஏழு மணி நேரம்னு காட்டுது?" ஓடிவந்து பார்த்தேன். ஐந்தும் இல்லை, நாலு புள்ளி ஒன்றும் இல்லை. மூன்று புள்ளி நாலு. வேகத்தை ஏற்றியதால் வேகம் குறைந்திருந்தது. உஷ்ணம் காட்டும் செயலியைத் திறந்தேன். நூறு டிகிரி. நூறைத் தொட்டதும் புராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் இருவரைவிட அதற்கு அறிவு இருந்தது.

எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைக்கத் திரும்பிப் போனேன். இரண்டே நிமிடம். வந்து பார்த்தால் பயாஸ் திரை, கணவர், அவர் ஆள்காட்டி விரல். வேகம் இறங்கியதென்றால் வோல்டேஜ் பத்தவில்லை என்று அவர் மறுபடியும் ஏற்றியிருக்கிறார்.

"யோவ்!" என்று நான் கத்தியது தெருமுனைக்குக் கேட்டிருக்கும். பட்டறையில் யாராவது இருந்தால் அவரை 'நீங்க' என்பேன், தனியாக இருந்தால் 'நீ', இப்படிப்பட்ட வேளைகளில் 'யோவ்'. அதற்குள் அவர் சேமித்து வெளியே வந்துவிட்டார். கணினி ஒரு முறை மூச்சுவிட்டு அணைந்தது. பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடியும் அழுத்தினேன். விசிறிகூடச் சுற்றவில்லை. மணி பதினொன்றே முக்கால்.

அவர் பக்கப் பலகையைக் கழற்றி, குனிந்து, உள்ளே மூக்கை விட்டு முகர்ந்து பார்த்தார்.

"எரிஞ்ச வாசனை வரல. காயில் நல்லாதான் இருக்குது."

"அதுல காயிலே இல்லய்யா!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வருகிற அழுகை. அவர்மேல் பாதி, என்மேல் மீதி. ஆறு மணி நேரம் என்று காட்டியபோதே பேசாமல் விட்டிருந்தால் படம் இரண்டரைக்கு முடிந்திருக்கும், முழுசாக இல்லாவிட்டாலும் பாதியாவது சேர்ந்து பார்த்திருப்பார்கள். இப்போது அந்தப் பெண் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வெறும் டிவியைப் பார்த்துவிட்டு விமானம் ஏறப்போகிறாள். இரண்டு வருடம் கழித்து அவள் வரும்போது அவர் இருப்பாரா என்று யார் சொல்ல முடியும்? நான் நான்கு புள்ளி ஒன்றை வைத்துக்கொண்டு ஐந்துக்கு அலைந்தேன்.

தப்பு செய்தால் என் கணவரின் வாய் பேசாது, கை பேசும். கடைக்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "அண்ணே, கரண்ட புடுங்குங்க. போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அத கழட்டுங்க. பத்து நிமிஷம் கழிச்சு திரும்பப் போடுங்க. நீங்க மாத்தனதெல்லாம் அதுக்கு மறந்துடும்." கொசுவலைக் கம்பியைவிட மெல்லிய செம்புக் கம்பியை நாள் முழுக்கச் சுற்றுகிற விரல்கள் அவருடையவை. ஒரு கீறல் இல்லாமல் கழற்றி, ஆறவிட்டு, மாட்டினார். பொத்தானை நான் அழுத்தினேன். விசிறி சுற்றியது. மணி பன்னிரண்டே கால்.

இனி ஆறு மணி நேரத்துக்கு வழியில்லை. பிடிவாதத்தைத்தான் குறைக்க வேண்டியிருந்தது. ட்ரோன் எடுத்த தென்னந்தோப்பை வெட்டினேன். வரவேற்பு நடனத்தை வெட்டினேன். மாப்பிள்ளையின் நண்பர்கள் கேமராவுக்கு முன்னால் செய்த அத்தனை சேட்டையையும் வெட்டினேன். கோயிலுக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் படத்தில் புள்ளி புள்ளியாக வந்ததைத் துடைக்க ஒரு வித்தை போட்டிருந்தேன், நேரத்தையெல்லாம் தின்றது அதுதான். அதையும் எடுத்துவிட்டேன். அளவையும் சாதாரண டிவிக்குப் போதுமான அளவாகச் சுருக்கினேன். கோயிலில் நடந்தது மட்டும், ஐம்பது நிமிடம். ரெண்டர் இரண்டு மணி நேரம் காட்டியது.

நாலு புள்ளி ஒன்று. அசையவில்லை. எண்பது டிகிரி. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்து, குழம்பு ஊற்ற மறந்து, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். இரண்டே முக்காலுக்கு முடிந்தது. பென் டிரைவை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அபிஷேகப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கார் நின்றது. வீடு முழுக்கப் பெட்டிகள், பெட்டிகளின்மேல் சொந்தக்காரர்கள். மணப்பெண் எடை பார்க்கிற கருவியில் ஒரு பெட்டியை வைத்து முறுக்கு டப்பாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். என்னைக் கண்டதும் அப்படியே விட்டுவிட்டு வந்தாள். அப்பாவின் கட்டிலைக் கூடத்தில் டிவிக்கு நேராகப் போட்டிருந்தார்கள். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ரிமோட்டோடு ஓரமாக நின்றேன்.

மணி ஒலித்தது. கோயில் கதவு திறந்தது. பீடத்துக்கு அருகே வைத்த கேமரா என்பதால் அவள் நேராக எங்களைப் பார்த்துத்தான் நடந்து வருவாள். வெள்ளைப் புடவை, கையில் பூச்செண்டு, பக்கத்தில் பெரியப்பா. நடுவில் ஓரிடத்தில் நின்று, புடவைக் கரையைக் காலிலிருந்து விடுவித்துக்கொண்டு, சிரித்துவிட்டு மறுபடியும் நடக்கிறாள். மொத்தம் இரண்டு நிமிடம். வந்து சேர்ந்ததும் பாட்டு நின்றது.

"திரும்பப் போடும்மா," என்றார் அப்பா. வாய் ஒரு பக்கம் கோணியதால் சொற்கள் வழுக்கின.

போட்டேன். முடிந்ததும், "இன்னொரு வாட்டி" என்றார். மோதிரம் மாற்றுவது அடுத்து வருகிறது என்று சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. மகளும் 'போடுங்கக்கா' என்பதுபோல் கண்ணைக் காட்டினாள். ஐந்தாறு முறைக்குமேல் நான் எண்ணவில்லை. ஐம்பது நிமிடத்தில் அந்த இரண்டு நிமிடத்தைத் தாண்டி அவர்கள் சேர்ந்து எதையும் பார்க்கவில்லை. அதை மட்டும் எடுத்து வந்திருந்தால் காலை ஒன்பதரைக்கே அந்த வீட்டில் இருந்திருப்பேன், நாள் முழுவதும் பார்த்திருப்பார்கள்.

வெளியே ஹாரன் அடித்தது. அவள் குனிந்து அப்பாவின் நெற்றியில் சிலுவை போட்டாள், அவர் இடது கையால் அவளுக்குப் போட்டார். யாரும் சத்தமாக அழவில்லை. பெரியப்பா மட்டும் வழக்கம்போல. எல்லோரும் பெட்டிகளோடு வெளியே போய்விட்டார்கள். கார் கதவு சாத்தும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கூடத்தில் நானும் அவரும்தான் இருந்தோம்.

அவர் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. விரலை மட்டும் டிவி பக்கம் அசைத்தார். நான் முதலிலிருந்து போட்டேன். கதவு திறந்தது, அவள் நடக்கத் தொடங்கினாள்.

"பாரு," என்றார். "என்னாண்டதான் வரா."